எம்ஈசிபி2 றிப்போர்ட் வந்திருக்கிறது, இது எங்கள் பரம்பரையில் இருந்தா வந்தது?

உப்புவெளி_சித்தி:

வணக்கம். உயிரியலோ மருத்துவமோ தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்கிவிடுங்கள். நெட்டில் தேடினால் எல்லாம் இங்கிலீஷில் வருகிறது, வாசித்து முடிப்பதற்குள் பயம்தான் கூடுகிறது.

அக்காவின் மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயது வரை மற்றப் பிள்ளைகள் மாதிரித்தான் இருந்தாள். அம்மா, தா, பூனை என்று சில சொற்கள் சொல்லுவாள், பிஸ்கட்டைத் தானே எடுத்துச் சாப்பிடுவாள். பிறகு ஒவ்வொன்றாகப் போனது. முதலில் சொற்கள், அப்புறம் கையால் எதையும் பிடிப்பதை விட்டுவிட்டாள். இப்போது நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் சேர்த்து, சோப் போட்டுக் கழுவுகிற மாதிரி பிசைந்துகொண்டே இருக்கிறாள், தூங்கினால்தான் நிற்கும். சில நேரம் வேகமாக மூச்சு வாங்குவாள், பிறகு மூச்சையே பிடித்துக்கொண்டு நிற்பாள். முதலில் ஓட்டிசம் என்றார்கள். கொழும்புக்கு அனுப்பி இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இப்போது றிப்போர்ட் வந்திருக்கிறது: எம்ஈசிபி2 ஜீனில் டி158எம் விகாரம் (ஜீனின் எழுத்தில் ஒரு மாற்றம்), ரெட் சிண்ட்ரோம் என்ற நோய். அதை விளக்கியவர் அவசரமாகச் சிங்களமும் இங்கிலீஷும் கலந்து சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார், அக்கா அழுதுகொண்டிருந்ததில் அதுவும் அவளுக்கு ஏறவில்லை.

மற்ற ஜீன்களைக் கட்டுப்படுத்துகிற புரதம் பழுதாகிவிட்டது என்று மட்டும் விளங்கியது. அப்படியொரு புரதம் பழுதானால் ஏன் கையும் பேச்சும் போக வேண்டும்? ஏன் ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வர வேண்டும்?

இன்னொன்று, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அத்தானின் அம்மா இது எங்கள் பக்கத்துப் பரம்பரை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கதைக்கிறார். நானும் இப்போது முழுகாமல் இருக்கிறேன், ஐந்தாம் மாதம். என் மாமியின் காதுக்கும் போய்விட்டது. வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பார்க்கிற பார்வையில் தெரிகிறது. எனக்கும் பிள்ளைக்கும் ஏதும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?


பயோ_வாத்தியார்:

பிள்ளை, நான் டொக்டர் இல்லை, டவுணில் ஏ.எல். பயோ படிப்பிக்கிறவன். மருந்து பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், ஜீன் பற்றிச் சொல்கிறேன்.

உடம்பில் ஈரலுக்கும் மூளைக்கும் ஒரே டிஎன்ஏதான். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். டிஎன்ஏயில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் சில இடங்களில் மெதைல் என்ற சின்ன இரசாயனக் குறி ஒட்டியிருக்கும். மெக்பி2 புரதம் (றிப்போர்ட்டில் எம்ஈசிபி2 என்று இருப்பதுதான்) அந்தக் குறியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இதை 1992இல் ஏட்ரியன் பேர்ட் என்பவரின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தபோது இதற்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரெட் என்ற பெயர் வியன்னாவில் இருந்த அன்ட்ரியாஸ் ரெட் என்ற வைத்தியருடையது, அவர் 1966இல் இந்தப் பெண்பிள்ளைகளைப் பற்றி ஜேர்மன் மொழியில் எழுதினார், பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. 1983இல் சுவீடனின் ஹாக்பெர்க் குழு 35 பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கிலீஷில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1999இல் அமெரிக்காவில் ஹுடா ஸோக்பியின் குழு, இந்த நோய்க்குக் காரணம் மெக்பி2 ஜீன்தான் என்று காட்டியது. அவர் லெபனானில் பிறந்த குழந்தை நரம்பியல் வைத்தியர்.

இந்தப் புரதம் ஒரு பக்கத்தால் டிஎன்ஏயைப் பிடிக்கும், மறுபக்கத்தால் என்கோர் என்ற புரதக் கூட்டத்தைப் பிடித்து அந்த இடத்துக்குக் கொண்டுவரும். கூட்டம் வந்தால் பக்கத்திலுள்ள ஜீன்களின் வேகம் குறையும். வள்ளத்தைக் கட்டுகிற கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு நுனி முளையில், மறு நுனி வள்ளத்தில். உங்கள் பிள்ளையின் டி158எம் முளைப் பக்க நுனியில் இருக்கிறது. ஆர்306சி என்று இன்னொரு விகாரம் உண்டு, அது வள்ளப் பக்க நுனியில். எது கழன்றாலும் வள்ளம் போய்விடும் என்பதால் இரண்டுக்கும் ஒரே நோய் வருகிறது. நடுக்கயிறு அவ்வளவு முக்கியம் இல்லை போலும். 2017இல் பேர்ட்டின் ஆட்கள் இந்தப் புரதத்தை மூன்றில் ஒரு பங்காக வெட்டி, இரண்டு நுனிகளை மட்டும் விட்டுவைத்து எலிகளில் பார்த்தார்கள், அதுவே பெருமளவு வேலை செய்தது.

ஏன் மூளை என்று கேட்டீர்கள். மற்றக் கலங்களை (செல்களை) விட நரம்புக்கலத்தில் இது மிக அதிகமாக இருக்கிறது. அதோடு பிறக்கும்போது குறைவாக இருந்து, நரம்புக்கலங்கள் முதிர முதிரத்தான் அளவு ஏறுகிறது. அதனால் முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒன்றரை வருஷம் வரை, வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு ஆயிரக்கணக்கான ஜீன்கள் கொஞ்சம் கூடவும் கொஞ்சம் குறையவும் ஓடும், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்லாம் சேரும்போது நரம்புக்கலம் சிறிதாக நின்றுவிடுகிறது, மற்றக் கலங்களோடு இணைகிற முட்கள் குறைந்துவிடுகின்றன. கவனியுங்கள், கலம் சாகவில்லை. அல்சைமர் மாதிரி மூளை அழிந்துகொண்டு போகிற நோய் இல்லை இது. 2007இல் பேர்ட்டின் குழு, நோய் முற்றிய எலிகளில் இந்த ஜீனைத் திரும்ப இயங்கச் செய்தது, எலிகள் தேறின, நடந்தன, மூச்சு சீரானது. எலியில் நடந்தது மனிதரில் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் கைவிடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனிப் பரம்பரைக் கதை. இதைக் கொஞ்சம் வடிவாக வாசியுங்கள், வேண்டுமானால் அத்தானின் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மெதைல் ஒட்டிய சைட்டோசினுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாரும் ஒன்றும் செய்யாமலே, இரசாயன ரீதியாகத் தானாக உடைந்து தைமின் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும். கலம் அநேகமாகத் திருத்திவிடும், எப்போதாவது தவறவிடும். ரெட் பிள்ளைகளில் அடிக்கடி காணும் எட்டு விகாரங்களும், டி158எம் உட்பட, இப்படிச் சைட்டோசின் தைமினாக மாறியதால் வந்தவை. மெதைல் குறியைப் பிடிக்கிற புரதத்தின் ஜீனை அந்த மெதைல் குறியே கெடுக்கிறது என்றால் பாருங்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

இது பெரும்பாலும் நடப்பது தகப்பனின் விந்தணு உருவாகும்போது. விந்தணுவின் டிஎன்ஏயில் மெதைல் குறி அதிகம், அது உருவாகும்போது கலம் பிரிவதும் அதிகம். இந்த ஜீன் எக்ஸ் (X) நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, தகப்பன் தன் எக்ஸை மகளுக்குத்தான் கொடுப்பார், மகனுக்குக் கொடுப்பது வை (Y) நிறமூர்த்தம். அதனால்தான் இந்த நோய் அநேகமாகப் பெண்பிள்ளைகளுக்கு. சுமார் 10,000 பெண்பிள்ளைகளில் ஒருவர். மகனுக்கு வந்தால் அது அநேகமாகத் தாயின் எக்ஸில் இருந்து வரவேண்டும், அது அபூர்வம், ஒரே ஒரு எக்ஸ் என்பதால் கடுமையாகவும் இருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒவ்வொரு கலமும் அதில் ஒன்றை மூடி வைத்துவிடும். எனவே உங்கள் மருமகளின் மூளையில் கிட்டத்தட்டப் பாதிக் கலங்களில் நல்ல மெக்பி2 இருக்கிறது. ஒரே விகாரம் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி நடப்பதற்கும் மற்றவள் நடக்காமல் இருப்பதற்கும் இந்தப் பங்கீடு ஒரு காரணம்.

இதற்காக இனிமேல் அத்தானைக் குறை சொல்லத் தொடங்காதீர்கள். அவரும் ஒன்றும் செய்யவில்லை.


உப்புவெளி_சித்தி:

சேர், மிகவும் நன்றி. மருமகள் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவள் பெறாமகள். 🙂 இரண்டு தரம் வாசித்தேன், முழுதும் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அக்காவைக் குறை சொல்வதற்கு இடமில்லை என்பது விளங்குகிறது. அப்போ எனக்கு டெஸ்ட் தேவையில்லையா?


பயோ_வாத்தியார்:

முதலில் அக்காவின் இரத்தத்தில் அந்த ஒரு விகாரம் மட்டும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழு ஜீனையும் வாசிக்கத் தேவையில்லை, றிப்போர்ட்டில் உள்ள இடத்தை மட்டும் பார்த்தால் போதும். மிகச் சில தாய்மாருக்கு விகாரம் இருந்தும், கெட்ட எக்ஸ் பெரும்பாலும் மூடியே இருப்பதால், அவர்கள் சுகமாக இருப்பார்கள். அக்காவிடம் இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஊரில் எந்தப் பெண்ணுக்கும் உள்ள அளவு ஆபத்துத்தான், அதற்கு மேல் டெஸ்ட் தேவைப்படாது. அக்காவுக்கு அடுத்த பிள்ளை என்றால் கதை கொஞ்சம் வேறு. இரத்தத்தில் இல்லாமல் சூல் கலங்களில் சிலவற்றிலோ, தகப்பனின் விந்துக் கலங்களில் சிலவற்றிலோ மட்டும் இருக்கக்கூடும், வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு என்பார்கள், ஆனால் பூச்சியம் இல்லை. நீங்கள் ஐந்தாம் மாதம் என்பதால் இழுத்தடிக்காமல் கெதியாகச் செய்யச் சொல்லுங்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, மரபியல் ஆலோசனை அங்கே கேட்கலாம். பெரியாஸ்பத்திரி குழந்தை வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். தமிழில் கதைக்க ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


தம்பலகாமத்தாள்:

தங்கச்சி, நான் இப்போது லண்டனில், ஊர் தம்பலகாமம். என் மகளுக்கும் ரெட்தான், இருபது வயது நெருங்குகிறது. வாத்தியார் ஜீனைச் சொல்லிவிட்டார், நான் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

முதலாவது இருதயம். இந்தப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு அளவில் ஈசிஜியில் கியூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் மின்சார ரீதியாக இயங்கித் திரும்பத் தயாராக எடுக்கும் நேரம்) நீண்டிருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. இதுவரை ஈசிஜி எடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே எடுங்கள், திருகோணமலையிலேயே எடுக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, பிறகு வருஷம் ஒரு தரம். ஏன் அவசரம் என்றால், நம் ஊரில் பிள்ளை சத்தி எடுத்தால் உடனே டொம்பெரிடோன் சிரப், சளி என்றால் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின். இவை எல்லாம் அந்த இடைவெளியை இன்னும் நீட்டக்கூடியவை. எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் முதல் வசனமாக ரெட் சிண்ட்ரோம், கியூடியை நீட்டும் மருந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள், நீங்கள் இல்லாத நேரம் அம்மம்மா கொண்டு போனாலும் அது கதைக்கும்.

மூச்சுப் பிடிப்பது வலிப்பு என்று நினைத்து நாங்கள் நிறையப் பயந்திருக்கிறோம். விழித்திருக்கும்போது வருகிற மூச்சுப் பிடிப்பும் நீல நிறமும் அநேகமாக இந்த நோயின் சுபாவம், வலிப்பு அது இல்லாமல் தனியாகவும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க ஏலாது. ஃபோனில் வீடியோ எடுத்து வைத்திருந்து டொக்டரிடம் காட்டுங்கள், ஈஈஜி (மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற சோதனை) எடுக்கச் சொல்லுவார்கள். சும்மா ஊகத்தில் வலிப்பு மருந்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

மலச்சிக்கல், முதுகெலும்பு வளைவு, நிறை ஏறாமை, இரவில் எழும்பி இருந்து சிரிப்பது, குளிர்ந்த பாதம், எல்லாம் வரும். முதுகை ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி முக்கியமானது. அவளுக்கு விளங்குகிறது. கதைக்க வாயும் காட்டக் கையும் இல்லை, கண் இருக்கிறது. இரண்டு பொருளை, பாலும் வாழைப்பழமும் என்று வையுங்கள், முகத்துக்கு நேரே தள்ளித் தள்ளிப் பிடித்துக் கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து செக்கன், இருபது செக்கன், சில நேரம் இன்னும் கூட. நாம் அவசரக்காரர், மூன்றாம் செக்கனில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், அவள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகிக்கொண்டிருப்பாள். என் மகள் எந்த நாடகம் போட வேண்டும் என்பதைக் கண்ணாலேயே சொல்லி இரண்டு தம்பிமாரையும் ஆட்டிவைக்கிறாள். இந்தப் பிள்ளைகளில் பலர் நாற்பது, ஐம்பது வயது வரை இருக்கிறார்கள், அதனால் இதைச் சின்ன வயதிலேயே தொடங்குவது நல்லது.


நலம்_தரும்_மூலிகை:

சகோதரி கவலை வேண்டாம். ஜீன் பழுதை வேரோடு சரிசெய்யும் மூலிகைச் சூரணம் எங்களிடம் உண்டு. மூளைக்குத் தேவையான புரதத்தை இரண்டு மடங்காகக் கூட்டும். மூன்று மாதத்தில் பேச்சு வரும். இன்பொக்ஸ் வாருங்கள்.


பயோ_வாத்தியார்:

இன்பொக்ஸுக்குப் போகத் தேவையில்லை, இங்கேயே கதைப்போம். இரண்டு மடங்கு என்று சொன்னது நீங்கள். மெக்பி2 இரண்டு மடங்காக இருப்பதும் ஒரு நோய் என்பது தெரியுமா? அந்த ஜீன் இரட்டித்துவிட்ட பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், தசை தளர்ந்து, பேச்சு வராமல், வலிப்போடும் அடிக்கடி வருகிற நெஞ்சுச் சளியோடும் அவதிப்படுகிறார்கள். குறைந்தாலும் கூடினாலும் மூளை தாங்காது. ஜீன் சிகிச்சை செய்கிற ஆய்வாளர்களுக்கே இதுதான் பெரிய தலையிடி, ஏனென்றால் பாதிக் கலங்களில் ஏற்கெனவே சரியான அளவு இருக்கிறது, அதற்குள்ளும் போய்ச் சேர்ந்தால் கூடிவிடும். உண்மையில் உங்கள் சூரணம் அந்தப் புரதத்தைக் கூட்டுமானால் அது ஆபத்தான பொருள். கூட்டாவிட்டால் வெறும் தூள். இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள்.


மட்டுநகரான்:

வாத்தியாரே நெத்தியடி. 👏

எனக்கும் ஒரு சந்தேகம், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. எங்கள் பெரியப்பா மோட்டார் நியூரோன் நோயில் போனவர், கை முதலில், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. அதிலும் ஏதோ ஒரு ஜீன் புரதம் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் இதுவும் ஒரே வகையா?


பயோ_வாத்தியார்:

ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். அது டிடிபி-43 என்ற புரதம். மெக்பி2 டிஎன்ஏயில் உட்கார்ந்து வேலை செய்கிறது, இது முக்கியமாக ஆர்என்ஏயை, அதாவது ஜீனின் செய்தியைக் கொண்டுபோகிற பிரதியைப் பிடித்து, தேவையில்லாத துண்டுகள் செய்திக்குள் புகுந்துவிடாமல் பார்க்கிறது. அது கலத்தின் கருவுக்குள் இருக்க வேண்டியது. அந்த நோயில் கருவை விட்டு வெளியே வந்து கட்டியாகத் திரண்டுவிடுகிறது என்று 2006இல் கண்டார்கள். உள்ளே ஆள் இல்லை, வெளியே குப்பை, இரண்டு பக்கத்தாலும் நட்டம். மோட்டார் நியூரோன் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இது தெரிகிறது, ஆனால் அந்தப் புரதத்தின் ஜீனிலேயே விகாரம் உள்ளவர்கள் மிகச் சிலர்தான். அங்கே கலம் சாகிறது, இங்கே சாகவில்லை, அதுதான் பெரிய வித்தியாசம். பெரியப்பாவுக்கு வந்ததால் உங்களுக்கு வரும் என்று பயப்பட வேண்டாம், பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. சரி, இந்த இழையை அந்தத் தங்கச்சிக்கே விடுவோம்.


உப்புவெளி_சித்தி:

லண்டன் அக்கா, நீங்கள் எழுதியதை அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். டொம்பெரிடோன் போத்தல் ஒன்று வீட்டிலேயே இருந்தது, எடுத்து வைத்துவிட்டோம், ஈசிஜிக்குக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் ஒரு மருந்து வந்துவிட்டது என்று அத்தான் எங்கேயோ வாசித்திருக்கிறார், வீட்டை விற்றாவது வாங்குவேன் என்று நிற்கிறார். உண்மையா?


தம்பலகாமத்தாள்:

உண்மை. ட்ரோஃபினெடைட் என்று பெயர், 2023 மார்ச்சில் அங்கே அங்கீகாரம் கிடைத்தது, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. வாயால் குடிக்கிற மருந்து. ஆனால் அது ஜீனையோ மெக்பி2வையோ திருத்துவதில்லை, மூளையில் இயற்கையாக உள்ள ஒரு வளர்ச்சிப் பொருளின் சின்னத் துண்டைப் போல ஆக்கிய மருந்து. சில பிள்ளைகளுக்குக் கவனமும் கண் பார்வைத் தொடர்பும் கூடியதாகப் பெற்றோர் சொல்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு வயிற்றோட்டம். விலை வருஷத்துக்கு இலட்சக்கணக்கான டொலர், ரூபாய் இல்லை. அத்தானிடம் வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசில் ஒரு துளியைப் பிஸியோவுக்கும் நல்ல கதிரைக்கும் போட்டால் பிள்ளைக்குப் பலன் தெரியும். ஜீன் சிகிச்சை இன்னும் ஆய்வு மட்டத்தில் இருக்கிறது. வைரஸ் ஒன்றில் ஏற்றி, வாத்தியார் சொன்ன அந்த வெட்டிய புரதத்தின் ஜீனையும் ஒரு குழு அனுப்பிப் பார்க்கிறது. 2024இல் இன்னொரு ஆய்வில் உயர்ந்த அளவு கொடுத்த ஒருவர் இறந்துபோனார், அதன் பிறகு அந்த அளவை நிறுத்திவிட்டார்கள். நானும் ஒவ்வொரு செய்தியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் பிள்ளையை முதல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் இல்லை.


கிண்ணியா_பிஸியோ:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தாமதமாகப் பார்த்தேன் தங்கச்சி. நான் பிஸியோதெரபிஸ்ட், இப்படியான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நடக்கிறாளா? நடந்தால் தினமும் நடக்கவிட வேண்டும், தூக்கிக்கொண்டே திரிந்தால் அந்த நடையும் போய்விடும். பாசத்தில் தூக்குகிறோம், விளங்குகிறது, ஆனால் குறையுங்கள். கையைப் பிசைவதை முழுநேரமும் தடுக்கப் போகாதீர்கள், அவள் வேண்டுமென்று செய்வதில்லை. சாப்பிடும் நேரம் மட்டும் ஒரு முழங்கைக்கு மெல்லிய ஸ்பிளின்ட் (கை மடியாமல் கட்டுகிற பட்டை) போட்டுப் பாருங்கள், ஒரு கை நேராக நின்றால் மற்றக் கை சில நேரம் கரண்டியைத் தேடும். குதிகால் தசைநார் இறுகாமல் தினமும் இழுத்துவிட வேண்டும், நேரில் வந்தால் காட்டித் தருகிறேன்.

தண்ணீர் இந்தப் பிள்ளைகளுக்கு மெத்தப் பிடிக்கும், உடம்பும் தளரும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், வார்க்கலாம், தப்பில்லை, ஆனால் அது வாளியால் வார்க்கிற தண்ணீர், உள்ளே நிற்க ஏலாது. அதை விட உப்புவெளிக் கடலில் இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீரில் பிடித்து நடக்க வைப்பது நல்லது. கட்டாயம் இரண்டு பெரியவர்கள், ஒருவர் பிள்ளையை விட்டுக் கண் எடுக்கவே கூடாது, மூச்சுப் பிடித்தால் உடனே வெளியே. வலிப்பு உண்டா இல்லையா என்று ஈஈஜி பார்த்து முடிக்கும் வரை கடலில் இறக்க வேண்டாம், அதுவரை வீட்டில் பெரிய பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கினால் கடல் குழம்பிவிடும், ஆகவே ஈஈஜி திகதியைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.